திரையில் ஒன்று, பிலிமில் ஒன்று

இருபது வினாடிதான். மூச்சைக்கூடப் பிடிக்க வேண்டாம், தலையை மட்டும் ஆட்டாமல் இருந்தால் போதும் என்று ஆக்ஸிலியா மூன்று தடவை சொல்லியிருந்தாள். ஆனால் எக்ஸ்ரே மெஷினின் கை விசாலாட்சியின் தலையைச் சுற்றி வரத் தொடங்கிய ஏழாவது வினாடியில் அந்த அம்மாளுக்கு இருமல் வந்துவிட்டது.

திரையில் படம் விழுந்ததும் ஆக்ஸிலியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பற்களெல்லாம் இரட்டை இரட்டையாக, ஓடுகிற தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோலத் தெரிந்தன. தாடை எலும்புக்குள் நரம்பு ஓடும் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பூசினாற்போல ஒரு மங்கல்.

"மன்னிச்சிருங்க மிஸ்ஸி. அடக்கிப் பார்த்தேன், ஏலல" என்றாள் விசாலாட்சி. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பத்து வயதில் பெற்றோருடன் கப்பலேறி வந்து, இப்போது பேத்துப்பாறையில் காரட் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவள். நர்சுகளை அங்கே கூப்பிட்ட பெயரிலேயே ஆக்ஸிலியாவையும் கூப்பிட்டாள்.

"பரவால்லக்கா. இந்தப் பனிக்கு யாருக்குத்தான் இருமல் இல்ல? கொஞ்சம் சுடுதண்ணி குடிங்க. பத்து நிமிசம் கழிச்சு எடுப்போம்."

இன்னொரு தடவை எடுப்பது என்றால் இன்னொரு தடவை கதிர் பாய்வது. ஆக்ஸிலியாவுக்கு அது எப்போதும் மனசுக்கு ஒப்பாது. ஆனாலும் மங்கலான படத்தை நம்பித் தாடையில் துளை போடுவதை நினைத்தால் இது மேல். இரண்டாம் தடவை நெற்றியைப் பட்டையால் இறுக்கிக் கட்டி, தாடைக்கு அடியில் பஞ்சு வைத்து எடுத்தாள். படம் அச்சாக விழுந்தது. நரம்புக் குழாயின் மேல்விளிம்பு பேனாவில் இழுத்த வெள்ளைக் கோடு மாதிரி தெரிந்தது.

"சனிக்கிழமையே பல்லு வச்சிருவாங்களா மிஸ்ஸி? தீவாளிக்கு முன்னுக்கு கறிய மென்னு திங்கணும்னு ஆச. ரெண்டு பக்கமும் கடவாப்பல் இல்லாம எல்லாத்தையும் முழுங்கித்தான் வைக்கிறேன். வயிறு ஏத்துக்க மாட்டேங்குது."

"சனிக்கிழம திருகு வச்சிருவாங்கக்கா. பல்லு அதுக்கு மேல வர மூணு மாசம் ஆகும்."

"மூணு மாசமா!" என்று விசாலாட்சி சிரித்தாள். "சரி, இத்தன வருசம் சொணங்கியாச்சு."

அது 2008 அக்டோபர். கொடைக்கானலில் மிஷன் நடத்திய சிறிய பல் மருத்துவமனை அது. இரண்டு வருடத்துக்கு முன் வெளிநாட்டு நண்பர்கள் சிலர், தாங்கள் பயன்படுத்திய முப்பரிமாண எக்ஸ்ரே மெஷின் ஒன்றைப் பெட்டி கட்டி அனுப்பியிருந்தார்கள். கூடவே ஏழைகளுக்கு இலவசமாகப் பதிக்கச் சொல்லி இம்ப்ளாண்ட் திருகுகளும் வந்தன. மதுரையில் எக்ஸ்ரே படிப்புப் படித்துவிட்டுப் பத்து வருடமாக அங்கே வேலை பார்க்கும் ஆக்ஸிலியாதான் அந்த மெஷினுக்கு எல்லாம். மலை மேல் இப்படி ஒன்று இருப்பதைப் பற்றி அவளுக்கு உள்ளூரப் பெருமை. மதுரையிலிருந்து சனிக்கிழமைதோறும் ஏறி வரும் டாக்டர் ஹரிகிருஷ்ணன் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "கண்ணாடி மாதிரி எடுத்திருக்க ஆக்ஸிலியா" என்பார். அதைக் கேட்பதற்காகவே அவள் இன்னும் நன்றாக எடுப்பாள்.

விசாலாட்சி படி இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் சிலுவைராஜ் வந்தார். மிஷன் பள்ளியின் கணக்கு வாத்தியார். மூன்று வாரத்துக்கு முன் அவருக்குக் கீழ்த்தாடை இடப்பக்கத்தில் ஒரு திருகு பதித்திருந்தது. வந்தவர் உட்காரவில்லை. சட்டைக் காலரைத் திருப்பிக் காட்டினார். காய்ந்த ரத்தம்.

"காலைல சேவிங் பண்றப்ப உதட்டுக்குக் கீழ வெட்டிருக்கு. எனக்குத் தெரியவே இல்லம்மா. வீட்டுக்காரி பாத்துக் கத்துன பெறகுதான் கண்ணாடியப் பாத்தேன். காப்பி குடிச்சா வழியுது, அதுவும் தெரியல. கிளாஸ்ல பசங்க சிரிக்கிறானுங்க." விரலால் கீழுதட்டின் பாதியிலிருந்து தாடை வரை ஒரு வட்டம் போட்டார். "இந்த எடம் என்னோடதே இல்லாத மாதிரி கெடக்கு. ஊசி மரப்பு மூணு வாரமா இருக்கும்?"

இருக்காது என்று ஆக்ஸிலியாவுக்குத் தெரியும். மதுரைக்குப் போன் போட்டாள். டாக்டர் அவசரத்தில் இருந்தார். "நரம்பு லேசா வீங்கியிருக்கும். சில பேருக்கு அப்படித்தான். மூணு மாசம் பார்ப்போம். சத்து மாத்திரை எழுதிக் குடு" என்றார். அவள் அதையே வாத்தியாரிடம் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவர் போன பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலமாரியைத் திறந்து அவருடைய பிலிமை எடுத்தாள். தலையை ஆட்டியிருப்பாரோ, படம் மங்கலோ, குழாயின் விளிம்பு தப்பாகத் தெரிந்ததோ என்றுதான் முதலில் நினைத்தாள். படத்தில் ஒரு குறையும் இல்லை. அவள் எடுத்ததிலேயே நல்ல படங்களில் ஒன்று அது.

டாக்டருக்குத் திரையின் முன் உட்கார்ந்து அளப்பது பிடிக்காது. கையில் பிடித்துப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை. இம்ப்ளாண்ட் கம்பெனி கொடுத்த கண்ணாடித்தாள் ஒன்று வைத்திருப்பார். அதில் எல்லா நீளத் திருகுகளும் உள்ள அளவிலேயே வரைந்திருக்கும். அதைப் பிலிமின் மேல் வைத்து, திருகின் நுனிக்கும் நரம்புக் குழாய்க்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்ப்பார். பிலிம் உள்ள அளவில்தான் அச்சாகும், அதனால் வேறு கணக்கே தேவையில்லை.

ஆக்ஸிலியா ஸ்கேலை வைத்தாள். எலும்பின் மேட்டிலிருந்து குழாய் வரை பதின்மூன்று புள்ளி ஆறு. டாக்டர் பதித்தது பதினொன்றரை. மீதி இரண்டுக்கு மேல். எல்லாம் சரி.

சரி என்றால் அந்த மனிதருக்கு ஏன் ரத்தம் வழிந்தது தெரியவில்லை?

அவள் கம்ப்யூட்டரில் அதே படத்தைத் திறந்தாள். அதே இடத்தில் ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. பெட்டியில் எண் வந்தது. பன்னிரண்டு புள்ளி ஐந்து.

கை நழுவியிருக்கும் என்று மறுபடியும் அளந்தாள். பன்னிரண்டு புள்ளி நான்கு. மறுபடியும், பன்னிரண்டு புள்ளி ஐந்து.

ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வித்தியாசம். ஓர் அரிசியின் தடிமன்கூட வராது. ஆனால் துளை போடும் கருவியின் கூர்முனை திருகைவிட ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கும் என்று டாக்டரே அவளிடம் சொல்லியிருக்கிறார். பதினொன்றரையும் ஒன்றும் பன்னிரண்டரை. திரை சொல்வது நிஜமென்றால் கருவி நரம்புக் குழாயின் கூரையைத் தொட்டுவிட்டது.

திரை பொய்யா, பிலிம் பொய்யா? பழைய மெஷின். கப்பலில் வந்தது, மலைப்பாதையில் லாரியில் குலுங்கி வந்தது. திரையும் தப்பாக இருக்கலாமே?

வீட்டுக்குப் போயும் அவளுக்கு அதே நினைப்பு. சப்பாத்தி தேய்க்கும்போது கட்டையின் தடிமனை விரலால் அளந்துகொண்டிருந்தாள். "என்னடி, என்ன ஆச்சு?" என்று டூரிஸ்ட் வேன் ஓட்டும் அவள் கணவன் ஆண்டனி கேட்டான். "ஒண்ணுமில்ல" என்றாள். நாளை மறுநாள் விசாலாட்சி அந்த நாற்காலியில் உட்காரப் போகிறாள்.

வெள்ளிக்கிழமை வெள்ளனே கிளம்பி, வழியில் காய்கறிக் கடையில் ஒரே ஓர் உருளைக்கிழங்கு வாங்கினாள். "ஒண்ணு போதுமா?" என்று கடைக்காரர் வேடிக்கையாகப் பார்த்தார். பெரியதாக, பச்சை பிடிக்காததாகப் பார்த்து எடுத்தாள்.

மருத்துவமனையில் பல்செட் செய்யும் அறையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து வந்தாள். பல் வேரை அடைப்பதற்கு வைத்திருக்கும் மெல்லிய ரப்பர் குச்சிகள் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும், கம்பிபோலச் சுற்றிலும் கீற்று அடித்துப் படத்தைக் கெடுக்காது. இரண்டு துண்டு நறுக்கிக் கிழங்கில் குத்தினாள். வெர்னியரை வைத்துத் தள்ளித் தள்ளி, சரியாக முப்பது மில்லிமீட்டர் வரும்வரை விடவில்லை. மனிதத் தலை இருக்க வேண்டிய இடத்தில் கிழங்கை வைத்துப் பஞ்சால் முட்டுக் கொடுத்தாள். மெஷின் அதைப் பயபக்தியோடு சுற்றி வந்தது.

திரையில் அளந்தாள். முப்பது புள்ளி ஒன்று.

மெஷின் பொய் சொல்லவில்லை. ஒரு நிமிடம் அவளுக்கு நெஞ்சு லேசானது. பிலிம் எடுக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, அது வெளியே வரும்வரை நின்றுகொண்டே இருந்தாள். சூடு ஆறுவதற்குள் ஸ்கேலை வைத்தாள்.

முப்பத்திரண்டரைக்கும் மேலே ஒரு நூல்.

ஒவ்வொரு பிலிமின் ஓரத்திலும் பத்து சென்டிமீட்டர் என்று ஓர் அளவுக்கோடு அச்சாகியிருக்கும். இத்தனை நாளும் அதன் மேல் யாரும் ஸ்கேலை வைத்துப் பார்த்ததில்லை. இப்போது வைத்தாள். பத்து சென்டிமீட்டர் என்று எழுதிய கோடு பத்தே முக்கால் தாண்டிப் பதினொன்றை நெருங்கியது. அலமாரியிலிருந்த பிலிம்களையெல்லாம் தேதிவாரியாகத் தரையில் பரப்பி, முழங்காலிட்டு ஒவ்வொன்றாக அளந்தாள். ஜூனில் சரி. ஜூலையில் சரி. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி வரை அச்சுப் பிசகாமல் பத்து. ஆகஸ்ட் இருபத்தொன்றிலிருந்து எல்லாம் பெரிசு. பதினோரு பேர். அதில் திருகு பதித்தது நான்கு பேருக்கு.

ஆகஸ்ட் இருபது. அவளுக்கு அந்த நாள் நினைவு வந்தது.

அந்த மாதம் இடி விழுந்து கம்ப்யூட்டரும் பிலிம் அச்சிடும் மெஷினும் கருகிவிட்டன. புதிதாக வந்ததைப் பொருத்த இருபதாம் தேதிதான் மதுரையிலிருந்து ஓர் ஆள் வந்தான். புது மெஷினின் பிலிம் முன்னதைவிடக் கொஞ்சம் பெரிசு. முதல் பிலிமில் படம் நடுவில் விழுந்து சுற்றிலும் காலியாக இருந்தது. ஆக்ஸிலியாதான் சொன்னாள்: "இது என்னண்ணே, ஓரமெல்லாம் காலியா கெடக்கு? நெறவா விழுற மாதிரி பண்ணிக் குடுங்க." அவன் ஏதோ ஒரு கட்டத்தில் டிக் போட்டான். அடுத்த பிலிம் விளிம்புவரை நிறைந்து வந்தது. பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது! அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

டாக்டருக்குப் போன் போட்டாள். ஆபரேஷனில் இருக்கிறார் என்றார்கள். மறுபடியும் போட்டாள். நாலு மணிக்கு அவரே கூப்பிட்டார். அவள் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

"ஸ்க்ரீன்ல மவுஸ வச்சு அளந்தா அப்படி இப்படித்தாம்மா வரும். நாளைக்கு வந்து பாக்குறேன். அந்த அம்மாவ சாப்பிட்டு வரச் சொல்லு."

"சார், நான் கெழங்க வச்சு..."

"கெழங்கா?" என்றார் அவர். லைன் கரகரத்து அறுந்தது.

அதற்கு மேல் உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. சாரலில் குடையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சிலுவைராஜ் நோட்டுக் கட்டுடன் வராந்தாவில் நின்றார். கைக்குட்டையால் உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டே பேசினார். ஈரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் துடைப்பது அவருக்குப் பழக்கமாகியிருந்தது.

"சார், நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு வந்துருங்க. டாக்டர் பாக்கணும்."

"மூணு மாசம் கழிச்சுன்னியே?"

"இல்ல சார். நாளைக்கே வாங்க." காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வேகமாக நடந்தாள்.

சனிக்கிழமை டாக்டர் பத்து மணிக்கு வந்தார். மலைப்பாதை வளைவுகளில் அவருக்கு எப்போதும் தலை சுற்றும். வந்ததும் ஒரு எலுமிச்சை டீ குடித்துவிட்டுத்தான் பேசுவார். அன்று டீ ஆறிக்கொண்டிருக்க, அவர் வெளிச்சப் பெட்டியில் விசாலாட்சியின் பிலிமை மாட்டி, கண்ணாடித்தாளை மேலே வைத்தார்.

"பன்னெண்டு இருக்கு. பத்து போட்டா கரெக்டா இருக்கும். அருமையான படம்."

ஆக்ஸிலியா ஸ்டீல் ஸ்கேலைப் பிலிமின் ஓரக் கோட்டில் வைத்துப் பிடித்தாள். டாக்டர் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். ஸ்கேலைத் தன் கையில் வாங்கி அவரே வைத்தார்.

"இது எப்ப இருந்து?"

"ஆகஸ்ட் இருபத்தொண்ணு."

"யாரு மாத்துனது?"

"வந்த ஆளு மாத்துனாரு. மாத்தச் சொன்னது நான்தான் சார். படம் நெறவா இருக்கட்டும்னு சொன்னேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது. "நானும் ஒரு தடவ ஸ்கேல வச்சிருக்கலாம்" என்றார் மெதுவாக. பிறகு குரல் மாறியது. "வெளிய யார்ட்டயும் சொல்ல வேண்டாம். செட்டிங்க சரி பண்ணு. இந்த அம்மாவுக்குத் தேதி தள்ளி வை. வாத்தியாருக்கு நான் பக்குவமா..."

"அவரு வெளிய உக்காந்திருக்காரு சார். நான் வரச் சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டு வரச் சொன்ன?"

வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குப் பயம். ஆனால் வெளிச்சப் பெட்டியை விட்டு நகரவில்லை. டாக்டர் அவளைப் பார்த்தார், வெளிச்சப் பெட்டியைப் பார்த்தார். எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார். கடைசியில், "அவரு படத்தத் திரைல போடு" என்றார்.

முதல் தடவையாக அவர் அந்தத் திரையின் முன் உட்கார்ந்து, தானே புள்ளி வைத்து அளந்தார். பிறகு வாத்தியாரை உள்ளே கூப்பிட்டுச் சின்ன எக்ஸ்ரே ஒன்று எடுக்கச் சொன்னார். திருகின் நுனிக்கும் அந்த வெள்ளைக் கோட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

டாக்டர் பேசத் தொடங்குவதற்குள் ஆக்ஸிலியாவே சொல்லிவிட்டாள். கிழங்கில் வைத்த முப்பது மில்லிமீட்டர் பிலிமில் பெரிசாக விழுந்ததையும், அப்படி விழச் சொன்னது தான் என்பதையும். சிலுவைராஜ் கேட்டு முடித்ததும், "முப்பதுக்கு எம்புட்டு வந்துச்சு?" என்றார்.

"முப்பத்திரண்டு புள்ளி ஆறு சார்."

"நூத்துக்கு எட்டரைக்கும் மேல." கணக்கு அவர் வாயில் தானாக வந்தது. அப்புறம்தான் அது தன் தாடையைப் பற்றிய கணக்கு என்பது உறைத்ததுபோல முகம் சிவந்தது. "மூணு வாரமா கோயில்ல முட்டி போட்டு ஆண்டவர்ட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன், ஏன் இப்படின்னு. ஒரு ஸ்கேல வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும், இல்ல?"

"ஆமா சார்."

"திருக இன்னிக்கே எடுத்துரணும்" என்றார் டாக்டர். "நரம்பு அறுந்திருக்காது, அழுத்தம்தான்னு நெனைக்கிறேன். லேட்டாக லேட்டாக சான்ஸ் குறையும். முழுசா திரும்பும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. தப்பு எங்க மேலதான்."

வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் ஏறினார்.

விசாலாட்சி வெளியே பெஞ்சில் புதுச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். திரையில் பதினொன்றுதான் வருகிறது, எட்டு மில்லிமீட்டர் திருகு வரவழைக்க வேண்டும், இன்று முடியாது என்று ஆக்ஸிலியா சொன்னபோது அவள் முகம் வாடிவிட்டது. "காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன் மிஸ்ஸி" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்த வாத்தியாருக்கு என்ன?" என்று கேட்டாள். ஆக்ஸிலியா சொன்னாள். விசாலாட்சி தன் கீழுதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அப்ப சின்னதே வரட்டும்" என்று எழுந்து பஸ்ஸுக்குப் போனாள்.

திருகு பதித்த மீதி மூன்று பேரில் இரண்டு பேர் போனில் கிடைத்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றார்கள். மூன்றாவது ஆள், பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஞானவேல், போனை எடுக்கவே இல்லை. திரையில் அளந்து பார்த்தவரை அவருக்கு எலும்பு தாராளம், ஆபத்து இல்லை. அது தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் பஸ் ஏறிவிட்டாள்.

ஞானவேல் மிளகுக்கொடிக்கு அடியில் நின்று வறுத்த கடலையை மென்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்லியே! இதச் சொல்லவா இம்புட்டு தூரம் வந்தீக? போன எடுக்கலேன்னா விட்டுர வேண்டியதுதான்" என்றார். வீட்டுக்குள் கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தார். அவர் தன் டம்ளரைத் தூக்கிக் குடிப்பதை அவள் கண் எடுக்காமல் பார்த்தாள். ஒரு சொட்டு வழியவில்லை. "என்ன, மொகத்துல என்ன இருக்கு?" என்று அவர் கூச்சப்பட்டார். ஆனாலும் அடுத்த வாரம் மேலே வந்து ஒரு தடவை காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாள்.

விசாலாட்சிக்கு நவம்பரில் எட்டு மில்லிமீட்டர் திருகு பதித்தார்கள். அன்று டாக்டர் திரையில் அளந்தார், பிலிமிலும் அளந்தார், இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் கையுறை மாட்டினார். தீபாவளி போய்விட்டது. அந்த அம்மாள் முதல் முதலாகக் கறியை மென்று தின்றது மாசி மாதம் குலசாமி கும்பிட்டபோது.

ஆக்ஸிலியாவை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. மிஷனுக்கு நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தாள். டாக்டரும் கீழே தன் பங்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமைதோறும் முதல் வேலையாக ஒரு கிழங்கை ஸ்கேன் எடுப்பது அவள் வழக்கமாகிவிட்டது.

சிலுவைராஜ் மாதம் ஒரு தடவை வந்தார். முன்னைப்போலச் சிரித்துப் பேசுவதில்லை. வருவார், உட்காருவார், கண்ணை மூடிக்கொள்வார். அவள் பஞ்சு நுனியால் கீழுதட்டிலிருந்து தாடைவரை தொட்டுக்கொண்டே வருவாள். தெரிகிற இடத்தில் அவர் "ம்" என்பார். "ம்" வராத இடத்தைப் பேனாவால் புள்ளி வைத்துச் சுற்றி, குறுக்கே அளந்து எழுதுவாள். நவம்பரில் முப்பத்தொன்று மில்லிமீட்டர். அந்த மாதம் எறும்பு ஊர்கிறதுபோல இருக்கிறது என்றார். அது நல்ல அறிகுறி என்று டாக்டர் சொன்னார். டிசம்பரில் பத்தொன்பது.

ஜனவரியில் அவர் வந்த அன்று பனி ஜன்னலை அடைத்திருந்தது. பஞ்சு ஊர்ந்தது. "ம்... ம்... ம்." பிறகு மௌனம். அவள் புள்ளி வைத்தாள்.

"எம்புட்டு?"

"பன்னெண்டு சார்."

"அதுக்கு மேல கொறையாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரா?"

"தெரியலன்னு சொன்னாரு. ஒரு வருசம்வரைக்கும் கொறயலாமாம்."

அவர் கண்ணைத் திறந்தார். எழுந்து, சுவரில் இருந்த கண்ணாடியில் தன் தாடையில் அவள் போட்டிருந்த நீலப் புள்ளிகளைப் பார்த்தார். ஸ்கேலைக் கேட்டு வாங்கி, முகத்தைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய், தானே குறுக்கே வைத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"பன்னெண்டுதான்" என்று ஸ்கேலை அவளிடம் நீட்டினார். "எழுதிக்கம்மா."